நியூ ஃபாரஸ்ட் நடைக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் வாழும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சில நியூ ஃபாரஸ்ட் காட்டிலும் அதன் ஹெதர் புதர்வெளிகளிலும் மேற்கொண்ட ஒருநாள் நடைக்கு உதவிய அனைவருக்கும் இம்மடல் வழியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, பகல் முழுவதும் எங்களோடு நடந்த முதிய வழிகாட்டி ஐயாவுக்கு உரியது. 1079-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் வேட்டைக்கென ஒதுக்கிய காடு என்பதற்கு மேல் நாங்கள் எதையும் அறிந்திருக்கவில்லை. கடற்படைக்கு மரம் வேண்டி 1698-இல் சட்டம் இயற்றிக் காட்டின் பகுதிகளை வேலியிட்டு ஓக் வளர்த்ததையும், டிரஃபால்கர் கடற்போரில் போரிட்ட அகமெம்னான் கப்பல் அருகிலுள்ள பக்லர்ஸ் ஹார்டு கப்பல் கட்டுமிடத்தில் 1781-இல் நீரில் இறக்கப்பட்டதையும், பிற்காலத்தில் நட்ட ஓக்குகள் முற்றுவதற்குள் போர்க்கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டதையும் அம்மரங்களின் நிழலிலேயே அவர் விளக்கினார்.

ஆஷ்லி வாக் புதர்வெளியில் அவர் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது வீண்போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுச் சோதனைத் திடலாக இருந்த அந்த வெளியில்தான், ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கிராண்ட் ஸ்லாம் குண்டு 1945 மார்ச் 13 அன்று முதன்முறையாகப் போட்டுப் பார்க்கப்பட்டது. மறுநாளே அது ஜெர்மனியின் பீலஃபெல்ட் ரயில் பாலத்தின்மீது வீசப்பட்டது. அன்றைய குண்டுக்குழிகளில் சில இன்று நீர் தேங்கிய குட்டைகள். சற்றுத் தள்ளியிருந்த சதுப்பில் பூச்சி பிடிக்கும் செந்நிறச் சிறுசெடி ஒன்றை அவர் காட்டியபோது, எங்களுடன் வந்த பாட்டி ஒருவர், "இது நம்ம ஊர் அழுகண்ணி மாதிரியே இருக்கே!" என்றார். அதே பேரினம்தான் என்று தெரிந்ததும் எங்களைவிட வழிகாட்டி ஐயாவே அதிகம் மகிழ்ந்தார்.

மேய்ச்சல் உரிமை பெற்ற குடும்பத்து அம்மையார் ஒருவர், குதிரைகளின் வால்மயிர் வெட்டப்பட்ட விதத்தைப் பார்த்தே எப்பகுதி அலுவலரின் பொறுப்பில் உள்ளவை எனக் கண்டுகொள்ளும் முறையைக் கற்பித்தார். அக்குதிரைகளும் மாடுகளும் மேயாவிட்டால் இப்புதர்வெளி சில பத்தாண்டுகளில் பைன், பிர்ச் மரங்களால் மூடப்பட்டுவிடும் என்று அவர் சொல்லும்வரை, மேய்ச்சலால் காடு அழியும் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

பிராக்கன்ஹர்ஸ்ட் புனித நிக்கோலஸ் ஆலயத்தார் கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் விரும்பிய நேரம்வரை இருக்க அனுமதித்தார்கள். முதல் உலகப் போரில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கு அவ்வூரில் மருத்துவமனை இயங்கியது; இந்தியாவின் மீரட் நகரின் பெயரில் அங்கே ஒரு தெருவே இருக்கிறது. நியூசிலாந்து வீரர்களின் வரிசைகளுக்கு அருகே இந்தியர் சிலரின் கல்லறைகளும் உள்ளன. எங்கள் பிள்ளைகள் அங்கே தாமாகவே பேச்சை நிறுத்தினார்கள்.

வண்டி ஓட்டிய தம்பிக்கும், புளியோதரை கட்டித் தந்த அக்காமார்களுக்கும் தனி நன்றி. வழிகாட்டி ஐயா இரவல் தந்த நான்கு ஜோடி ரப்பர் காலணிகளைச் சேறு போகக் கழுவி வைத்துள்ளோம். வரும் ஞாயிறன்று நேரில் ஒப்படைப்போம்.

இங்ஙனம்,
நடையில் பங்குகொண்ட குடும்பத்தினர்