முப்பதாவது கல்யாண நாளும் ஒரு பேனரும்: கடலூரிலிருந்து நன்றி மடல்

அன்புள்ள சொந்தங்களுக்கும், தெருக்காரர்களுக்கும், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்துப்போன பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

1996 தை மாதம் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் எங்கள் கல்யாணம். ஒரே முகூர்த்தத்தில் அங்கே எத்தனையோ ஜோடிகள். தாலி கட்டி முடித்ததும் கூட்டத்தில் நம் ஆட்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் முப்பது வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம் எதுவும் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலையில் நீடிக்க முடியாது. எனக்கு எட்டு வருஷம் பாக்கி. 1998-ல் உதவிபெறும் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக நான் சேர்ந்தபோது டெட் என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்ததே 2012-ல்தான். அந்த வாரம் கரும்பலகையில் எழுதப் போனால் கை நடுங்கியது.

முதல் நன்றி என் வீட்டுக்காரருக்கு. மின்வாரியத்தில் வேலை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்துச் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தப் போனவர், வாரக்கணக்கில் வீட்டில் தங்கவில்லை. இரண்டு பிள்ளைகளோடு நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சமாளித்தேன். இப்போது, "அன்னிக்கு நீ பார்த்துக்கிட்ட, இது என் முறை" என்றார். அன்றிலிருந்து காலை நாலரை மணிக்கு டீ அவர் கையால்தான். அஞ்சறைப் பெட்டிக்கு மேலே சுவரில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், டெட்டுக்குப் படிக்க வேண்டிய பாடமான, குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளையும் எழுதி ஒட்டியிருக்கிறார். மூன்றாவது, பருப்பொருள் நிலை, அதாவது கண்ணால் பார்த்துக் கையால் தொடும் பொருளை வைத்து யோசிக்கும் பருவம், ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை. தாளிக்கும்போது அதைப் பார்ப்பேன். புளியங்கொட்டையை ஐந்தைந்தாக அடுக்கி வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகளின் முகம்தான் வரும். பயிற்சிப் பள்ளியில் படித்த பெயர் மறந்துபோனாலும், இத்தனை வருஷமும் நான் செய்தது அதைத்தான்.

என்னிடம் படித்துவிட்டு இன்று மஞ்சக்குப்பத்தில் டியூஷன் நடத்தும் தம்பிக்கு என்ன சொல்வது! ஞாயிறுதோறும் வந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறான். டெட்டில் 150 மார்க்கில் 60 அந்த இரண்டுக்கும்தானே. காசு கொடுத்தால், "கடன் வாங்கிக் கழிக்கறது நீங்க சொல்லிக்கொடுத்தது டீச்சர்" என்று நகர்ந்துவிடுவான். நான் தப்பாகப் போட்ட கணக்கைச் சுழிக்க மனம் வராமல் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். தம்பி, இனிமேல் சிவப்பு மையிலேயே போடு. அப்போதுதான் எனக்கு மனதில் நிற்கும்.

மாலை வேலைகளைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்பும் சக ஆசிரியைகளுக்கும், தீர்ப்பின் நகலை எடுத்துவந்து வரிவரியாக விளக்கிய சங்கத்து நண்பர்களுக்கும் நன்றி.

கல்யாண நாளன்று எனக்குச் சொல்லாமலே தெருவில் பந்தல் போட்டுவிட்டீர்கள். எதிர்வீட்டு அக்கா முதல் நாளே மாலைக்குச் சொல்லியிருந்தார். பண்ருட்டி நாத்தனார் கொண்டுவந்த முந்திரி, பாயசத்தில் பாதி இடத்தைப் பிடித்திருந்தது. பழைய மாணவர்கள் கட்டிய பேனரில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'ஆசிரியை' என்று பெரிய எழுத்தில். அதைப் படித்துவிட்டு உள்ளே போய் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கே போனாள் என்று தேடியவர்களுக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. அந்த வார்த்தையை இன்னும் என் பெயரோடு வைத்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்த மடல்.

மறுநாள் நாங்கள் இருவரும் திருவந்திபுரம் போனோம். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் அதே மலைதான், ஹயக்ரீவர் சன்னதி. என் பேனாவைத் தட்டில் வைத்தார் வீட்டுக்காரர். யார் பெயருக்கு அர்ச்சனை என்று பட்டர் கேட்டார். என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, "டீச்சர்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

என்றும் உங்கள்,
மூன்றாம் வகுப்பு டீச்சர்