கையில் இருக்கும் அந்தத் தடிப்பு

கண்ணு,

அன்றைக்கு வீடியோவில் பேசும்போது முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே இருந்தாய். என்ன என்று கேட்டதும் சட்டைக் கையை இழுத்துவிட்டு, "கொசுதான்மா" என்றாய். அதற்கப்புறம் கேமராவைப் போடவே இல்லை. சரி, வேலை இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் மனசு அங்கேயேதான் நிற்கிறது.

கொசுக்கடி என்றால் கவலை இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்து நிமிடம் வை. அப்புறம் கற்றாழை. மடலை வெட்டியதும் அப்படியே பூசிவிடாதே. மஞ்சளாக ஒரு பால் வடியும், அதுவே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். அதை வடியவிட்டு நன்றாகக் கழுவி, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை மட்டும் எடு. குளிர்ச்சியாக இருக்கும், அரிப்பும் கொஞ்சம் அடங்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதே. சொறியாதே, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்.

ஆனால் நீ சொறிந்தது இரண்டு கையிலும் அதே மடிப்பு. கொசு அப்படி இடம் பார்த்துக் கடிப்பதில்லை. உன் அத்தைக்கும் அங்கேதான் கரப்பான் வந்தது, எக்ஸிமா என்பார்களே, அந்தத் தோல் அரிப்பு. அவளுக்கு எப்போதெல்லாம் கூடியது என்று உனக்கே தெரியும். தூக்கம் கெட்டால் கரப்பான் கூடும், மனசில் எதையாவது போட்டு அழுத்திக்கொண்டிருந்தாலும் கூடும். நான் எதையும் கேட்கவில்லை.

அதற்கு ஓட்ஸ் நல்லது. மாவு மாதிரி நைசாகப் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, கையைப் பத்து பதினைந்து நிமிடம் ஊறவை. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்காதே. 2003-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே அதைத் தோலைக் காக்கும் பொருள்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஊறவைத்து எடுத்ததும் ஒற்றித் துடை, தேய்க்காதே. ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத களிம்பைப் பூசு. சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அப்புறம் தோல் இன்னும் வறண்டு அரிக்கும்.

இலை, எண்ணெய் என்றாலே கெடுதல் செய்யாது என்று நினைத்துவிடாதே. பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் வரும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டாலும் அதே கதிதான், கறுப்பும் போகாமல் நிற்கும். டீ ட்ரீ எண்ணெயை நீர்க்காமல் தொடவே தொடாதே. மஞ்சளும் வேப்ப எண்ணெயும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எதுவானாலும் நல்ல தோலில் ஒரு பொட்டு வைத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பூசு. புண்ணாக இருக்கும் இடத்தில் எதுவும் வேண்டாம். சொறியாதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

ராத்திரியில்தான் அதிகமாக அரிக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று பரவுகிறதா? அப்படியென்றால் அது சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிடும். வேப்பிலையை அரைத்துப் போட்டு அதைச் சமாளிக்க முடியாது. டாக்டர் தரும் மருந்தைத்தான் பூச வேண்டும், கூட இருப்பவர்களும் அதே நாளில் பூச வேண்டும். உன் அறைத்தோழி இன்னும் உன்னோடுதானே இருக்கிறாள்? கொஞ்ச நாளாக அவள் பேச்சையே நீ எடுப்பதில்லை.

உன் காரியத்தை நீயே பார்த்துக்கொள்கிறவள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் காய்ச்சல் வந்ததைக்கூட வந்து போன பிறகுதான் சொல்கிறாய். பக்கத்தில் இல்லாதவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறாயா?

சிவப்பு பரவினாலும், தொட்டால் சுட்டாலும், சீழ் வைத்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளாதே. பூச்சி கடித்து உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ எந்த இலையையும் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அதெல்லாம் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பார். இதுவரை என்னென்ன பூசினாய் என்று எழுதிக்கொண்டு போ, மூலிகையையும் விடாமல் சொல். எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் சொல். என்னிடம் சொல்லாவிட்டால் பரவாயில்லை, அவரிடம் சொல்.

அம்மா