வாத்து மேயும் வயலில் மருந்து எதற்கு?

ஆசிரியருக்கு,

நெல் வயலில் வாத்து வளர்ப்பதன் சூழல் பயன்கள் குறித்த தங்கள் நாளிதழின் செய்தியைப் படித்தேன். நடவுப் பயிர் வேர்பிடித்ததும் இறக்கிவிடப்படும் வாத்துகள் களை, பூச்சி, நத்தைகளைத் தின்கின்றன, எச்சம் உரமாகிறது, சேற்றுநீரைக் கலக்குவதால் ஆக்சிஜன் சேர்ந்து, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறுவது குறைகிறது. ஆனால், பூச்சிக்கொல்லியை நிறுத்தாமல் இவற்றில் எதுவும் கைகூடாது. பொன்னேரி அருகே எங்கள் வயலுக்கு மேய வந்த வாத்துகள், பக்கத்து நிலத்தில் மருந்தடித்த மறுநாள் கழுத்து துவண்டு வரப்போரம் செத்துக் கிடந்தன. வாத்துக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகச் சாக்கில் எடுத்துப் போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

தனியொருவர் மருந்தை விட்டால் போதாது. அடுத்த வயலின் நீர் மடைவழியே வந்துவிடும். எனவே திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓர் ஏரியின் ஆயக்கட்டு (அதன் நீரால் பாசனம் பெறும் நிலம்) முழுவதையும் தேர்ந்து, மருந்தில்லா வாத்து-நெல் சாகுபடிக்கு வேளாண் துறை மானியம் வழங்கலாம்.

- வாசகர், மாதவரம், சென்னை