உன் பேர்க்காரர் ஊரிலிருந்து

மத்ரித்,
மே 28

அன்பு மச்சான் சந்தியாகு,

வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. சீக்கிரம் விழுந்துவிடும் என்கிறாள் மகள். மற்றபடி நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? வாக்கரை விட்டாயிற்றா? இல்லை, தங்கச்சி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கடற்கரைவரை போய்த் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாயா?

போனில் "நடந்து முடிச்சுட்டேன்" என்று மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ எங்கே என்னைப் பேச விடுகிறாய்.

பள்ளிக்கூடத்தில் உன் பேரைச் சுருக்கி "சாக்கு" என்று கூப்பிட்டே உன்னை அழவைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பேருக்குச் சொந்தமான ஊருக்குத்தான் போய்வந்தேன். ஸ்பெயினின் வடமேற்கு மூலை, கலிசியா மாகாணம், சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா. 'சாந்த்' என்றால் புனிதர். 'இயாகோ' என்றால் யாகப்பர், பைபிளில் வரும் செபதேயுவின் மகன். இரண்டும் ஒட்டிச் சாந்தியாகோ. போர்ச்சுகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்து அதுவே சந்தியாகு ஆயிற்று. ஆக, 'புனித சந்தியாகப்பர்' என்று நம் தங்கச்சிமடத்துக் கோயிலில் எழுதிவைத்திருப்பது 'நடு சென்டர்' மாதிரிதான். புனிதர் இரண்டு தடவை வந்துவிட்டார்.

அவரும் உன் அப்பா மாதிரி வலைக்காரர். எருசலேமில் கி.பி. 44 வாக்கில் ஏரோது அகிரிப்பா அவரை வாளால் வெட்டிக் கொன்றான். அதுவரை வேதத்தில் இருக்கிறது. அப்புறம் கதை. உடலைப் படகில் ஏற்ற, அது தானாகவே கடல் தாண்டிக் கலிசியாவில் கரை ஒதுங்கியதாம். எண்ணூறு வருஷம் யாருக்கும் தெரியாமல் கிடந்ததாம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு துறவி காட்டுக்குள் விசித்திரமான வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்ல, தெயோதோமிரோ என்ற ஆயர் வந்து கல்லறையைக் கண்டுபிடித்தாராம். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆயிரம் வருஷமாக ஜனங்கள் நடந்து நடந்து போட்ட பாதை நிஜம். அதில் நானும் நடந்தேன்.

முழுப் பாதையும் நடக்கவில்லை, பயப்படாதே. பிரான்ஸ் எல்லையிலிருந்து வருகிறவர்கள் எண்ணூறு கிலோமீட்டர் நடக்கிறார்கள். சான்றிதழ் வாங்கக் குறைந்தது நூறு கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால், என்னைப் போன்ற சோம்பேறிகள் சாரியா என்ற ஊரில் தொடங்குகிறோம். அங்கிருந்து சுமார் 115 கிலோமீட்டர். மற்றவர்கள் ஐந்து நாளில் முடிப்பதை நான் ஏழு நாளில் முடித்தேன். கையில் ஒரு மடிப்பு அட்டை கொடுக்கிறார்கள். வழியில் உள்ள கோயில், சத்திரம், டீக்கடை எங்கே போனாலும் முத்திரை குத்தித் தருவார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். என் அட்டையில் பாதி முத்திரை காபிக் கடைகளுடையது. பையில் ஒரு விசிறிச் சிப்பியைத் தொங்கவிட வேண்டும், அதுதான் யாத்திரிகன் என்பதற்கு அடையாளம். சிப்பி பொறுக்கி விளையாடின ஊர்க்காரன் நான் இங்கே காசு கொடுத்துச் சிப்பி வாங்கினேன் என்று ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே.

வழி தவறவே முடியாது. மரம், சுவர், மின்கம்பம், கல் என்று எங்கே பார்த்தாலும் மஞ்சள் அம்புக்குறி. அதை வரைந்தவர் எலியாஸ் வாலிஞா என்ற பங்குச் சாமியார். ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தில் இருந்தவர். 1980களில் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பாதை நெடுக அம்புக்குறி போட்டிருக்கிறார். எல்லைப் பக்கம் போலீஸ் மடக்கி, என்ன செய்கிறீர் என்று கேட்டதற்கு, பிரான்சிலிருந்து ஒரு பெரிய படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாராம். அப்போது வருஷத்துக்கு இரண்டாயிரம் பேர்கூட வந்து சேரவில்லை. 2024இல் ஐந்து லட்சத்தை நெருங்கிவிட்டது. சாமியார் 1989லேயே இறந்துபோனார். தன் படையை அவர் பார்க்கவில்லை.

இரண்டாம் நாளே இடது குதிகாலில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கொப்புளம். அன்றைக்குத் தங்கிய சத்திரத்தில் மூட்டைப்பூச்சி வேறு. விடியற்காலையில் நடைபாதை ஓரமாகத் துண்டை விரித்து பஜ்ர் தொழுதுவிட்டு எழுந்தால், போலந்துக் கிழவி ஒருத்தி கையில் ஊசி நூலோடு நின்றுகொண்டிருக்கிறாள். நான் சலாம் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். பாஷை இல்லை. உட்கார் என்று சைகை காட்டினாள். லைட்டரில் ஊசியைக் காய்ச்சி, கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் கத்தரித்தாள். நூல் வழியே நீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. வலை பொத்துகிற கை மாதிரி அவ்வளவு சுத்தம். டாக்டர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்கிறார்களாம், மகள் கத்தினாள். எனக்கு ஆறிவிட்டது.

போர்த்தோமரீன் என்று ஒரு ஊர். அங்கே அரை நாள் சும்மா உட்கார்ந்துவிட்டேன். பழைய ஊர் மீஞோ ஆற்றங்கரையில் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் கீழே அணை கட்டியதும் ஊர் முழுகியது. முழுகுவதற்கு முன்னால் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டு, மேட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். நம்பர்கள் இன்றும் தெரிகின்றன. விரலால் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய ஊரின் சுவர்கள் அடியில் தெரியுமாம். நமக்குத் தனுஷ்கோடி போனது 64 டிசம்பரில், ஏறக்குறைய அதே காலம். நீயும் நானும் மூன்று வயசுப் பிள்ளைகள். அங்கே புயலுக்கு முன்னால் கல்லுக்கு நம்பர் போட யாருக்கு நேரம் இருந்தது? அந்தச் சர்ச் சுவர் இன்னும் மணலில் நிற்கிறது, டூரிஸ்டுகள் சாய்ந்து செல்பி எடுக்க.

சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம். கீரையும் அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பு என்று ஆசையாக வாங்கினால் உள்ளே பன்றி இருக்கும். முட்டை அடையும் ரொட்டியுமாக ஓட்டினேன். மெலீதே என்ற ஊரில்தான் வயிறார உண்டேன். பேய்க்கணவாய்! அதான், ஆக்டோபஸ். செப்பு அண்டாவில் முழுசாக வேகவைத்து, தூக்கி எடுத்து, கத்தரிக்கோலால் சரக் சரக்கென்று நறுக்கி மரத்தட்டில் போட்டு, கல் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். மிளகாயில் காரமே இல்லை. நம் ஊரில் இதைப் பிடித்துக் கம்பெனிக்காரனுக்குப் போட்டுவிட்டு நாம் மத்தியைத் தின்றோமே என்று இருந்தது.

சரி, சாந்தியாகோவுக்கு வருகிறேன். கடைசி நாள் தைல மரக் காடு. ஊட்டி மாதிரியே வாசனை. அதைத் தாண்டி மோந்தே தோ கோசோ, அதாவது ஆனந்த மேடு. அங்கிருந்துதான் பேராலயக் கோபுரம் முதலில் தெரியும். பக்கத்தில் நின்ற இளைஞன் அழுதான். எனக்குக் கால் வலியில் அழுகை வரவில்லை. எட்டுப் பேர் கயிறு இழுத்து ஆட்டுகிற 53 கிலோ தூபக்கலசம் அன்றைக்கு ஆடவில்லை. தினமும் ஆட்ட மாட்டார்கள். யூடியூபில் பார்த்துக்கொள்.

ஆனால் ஒன்றை நான் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் மாட்டியிருந்ததே, வெள்ளைக் குதிரையில் வாளோடு சந்தியாகப்பர். அந்தக் குதிரையை நான் எத்தனை தடவை நோட்டில் வரைந்திருக்கிறேன்! குதிரைக் காலடியில் யார் கிடக்கிறார்கள் என்று அப்போது நாம் கேட்டதே இல்லை. இங்கே அவருக்கு ஒரு பட்டம் உண்டு, மாத்தாமோரோஸ். மூர்களைக் கொல்கிறவர். மூர் என்றால் முஸ்லிம், அதாவது நான். 844இல் கிளாவிஹோவில் நடந்த சண்டையில் வானத்திலிருந்து குதிரையில் இறங்கி வெட்டினார் என்பது கதை. அப்படி ஒரு சண்டையே நடக்கவில்லை என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். பேராலயத்துக்குள் அந்தச் சிலை இருக்கிறது. குதிரை இருக்கிறது, வாள் இருக்கிறது. கீழே மட்டும் வெட்டுப்பட்டவர்கள் தெரியாதபடி பூவைக் குவித்து மறைத்திருக்கிறார்கள். என்னவோ, எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது கிழிந்த மெத்தை மேல் புதுப் போர்வை போடுவோமே, அந்தக் கூச்சத்தைத்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 997இல், அப்போது முஸ்லிம்கள் ஆண்ட கோர்தோபாவிலிருந்து அல்மன்சூர் படையோடு வந்து இந்த ஊரை எரித்தார். கல்லறையைத் தொடவில்லை, கோயில் மணிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பிடிபட்ட கிறிஸ்தவர்கள் தோளில் அவை கோர்தோபா போய், பள்ளிவாசலில் விளக்காகத் தொங்கின. 1236இல் கோர்தோபா விழுந்தது. அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் தோளில் ஏற்றி இங்கே திருப்பி அனுப்பினார் அதைப் பிடித்த கிறிஸ்தவ அரசர் மூன்றாம் பெர்னாந்து. இரண்டு தடவையும் மணி ஒன்றுதான், தோள்தான் மாறியது.

நம் கரையிலும் அந்தச் சண்டை வந்தது. 1538இல் வேதாளையில் மரைக்காயர் கப்பல்களைப் போர்ச்சுகீசியர் அடித்தார்களே, அவர்கள் பாயும்போது கூவுகிற பேர் 'சாந்தியாகோ'தான். பாலத்தைத் தாண்டினால் அதோ வேதாளை. அப்படிக் கத்திக்கொண்டு கரை ஏறிய சாமி, நம் தீவில் என்ன ஆனார் பார். ஜூலைத் திருவிழாவுக்கு உங்கள் ஆட்கள், இந்துக்கள், எங்கள் ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். எனக்குக் காய்ச்சல் விடவில்லை என்று உம்மா அங்கே மெழுகுவத்தி நேர்ந்துகொண்டதை வாப்பா பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தார். நாம் பூவைப் போட்டு எதையும் மறைக்கவில்லை. எப்படி இது நடந்தது என்று ஏழு நாளும் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை.

கடைசியாகச் சான்றிதழ். யாத்திரிகர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். எதற்காக நடந்தீர்கள் என்று ஒரு கேள்வி. மதமா, ஆன்மிகமா, வேறா? வேறு என்றால் வரவேற்புச் சான்றிதழ்தான். ஆன்மிகம் என்றேன், பொய் இல்லை. என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. லத்தீனில் எழுதித் தருகிறார்கள். அங்கே ஒரு வசதி உண்டு. இறந்தவருக்காகவோ, நடக்க முடியாத நோயாளிக்காகவோ நடந்திருந்தால் 'விகாரியே ப்ரோ', அதாவது 'இன்னாருக்குப் பதிலாக' என்று அவர் பேரையும் சேர்ப்பார்கள். என் நண்பன், இடுப்பு ஆபரேஷன், பேர் சந்தியாகு என்றேன். அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்கே இருந்து என்றாள். ராமேசுவரம் பக்கம், இதே சாமிக்கு எங்கள் ஊரிலும் இதே ஜூலை 25தான் என்றேன். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

எனவே காகிதத்தில் நடந்தவன் காதர், பலன் உனக்கு. கசங்காமல் குழாயில் போட்டு வைத்திருக்கிறேன். ஜூலை 20 வாக்கில் ஊருக்கு வருகிறேன், கையில் தருகிறேன். லேமினேஷன் மட்டும் பண்ணிவிடாதே, உன் ரேஷன் கார்டை என்ன பாடுபடுத்தினாய் என்று எனக்குத் தெரியும். 2027இல் ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அப்படி வந்தால் அது அவர்களுக்குப் புனித ஆண்டு, கூட்டம் அள்ளும். அதற்குள் உன் இடுப்பு தேறினால் பேசிக்கொள்வோம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம் சொல்.

உன்,
காதர்