சங்கு ஊதும் மில்லும் கும்மி அடிக்கும் மூளையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தூக்கம், விழிப்பு, பசி ஆகியவற்றின் நேரத்தை நடத்தும் உடல் கடிகாரம் பற்றிய உங்கள் கட்டுரையில், மூளையிலுள்ள ‘தலைமைக் கடிகாரம்’ மற்ற உறுப்புகளுக்குக் கட்டளையிடுவதாக எழுதியிருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 ஆண்டுகள் ரிங் பிரேம் என்னும் நூல் நூற்கும் இயந்திரம் ஓட்டியவன் நான். படித்ததும் எங்கள் மில் சங்குதான் நினைவுக்கு வந்தது. அது ஊதினால் ஊரே எழுந்து உலை வைக்கும். உடம்புக்குள்ளும் அப்படி ஒரு சங்கு இருந்திருந்தால் நான் இத்தனை பாடு பட்டிருக்க மாட்டேன்.

என் பேத்தி விலங்கியல் படிக்கிறாள். அவள் சொல்லித் தந்தது வேறு. கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்புச் செல்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டம்தான் நீங்கள் சொன்ன தலைமைக் கடிகாரம். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. 1995-இல் எலியின் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது, ஒன்று ஓய்ந்திருக்க மற்றொன்று துடித்துக்கொண்டிருந்ததாம். அவற்றை ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது அவற்றுக்கிடையிலான பேச்சுதான். அந்தப் பேச்சில் முக்கியமானது சில செல்கள் மட்டும் சுரக்கும் ஒரு சிறு புரதம். முதன்முதலில் குடலில் கண்டெடுத்த அதன் சுருக்கப் பெயர் வி.ஐ.பி. (சைரன் வைத்த காரில் வருபவர் அல்ல!) 2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹெர்சாக் என்ற ஆய்வாளரின் குழுவினர், இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தனர். செல்கள் சேர்ந்து இயங்கவில்லை. பல செல்களில் தாளமே நின்றுபோயிருந்தது. புரதத்தின் வேலையைச் செய்யும் மருந்தைத் தினமும் ஒரே நேரத்தில் அந்தச் செல்களுக்குக் கொடுத்தபோது தாளம் திரும்பியது.

பாட்டுக்குக் கைதட்டி ஆடும் எங்கள் ஊர் வள்ளி கும்மியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாடுகிற ஆசிரியர் மூச்சு வாங்கினாலும் கைத்தட்டல் பிசகாது. பக்கத்திலிருப்பவரின் தட்டலைக் கேட்டே அடுத்தவர் தட்டுகிறார். ஆனால் பாட்டின் வேகம் திடீரென மாறினால், அதாவது உடம்புக்கு வெளிச்ச நேரம் மாறினால்? கண்ணிலிருந்து வெளிச்சச் செய்தி பெறும் செல்கள் சீக்கிரம் மாறிவிடும். மற்றவை பல நாள் பின்தங்கியே சேரும். கல்லீரலோ சூரியனைவிடச் சோற்று நேரத்தையே அதிகம் பார்க்கும். இரவு இரண்டு மணிக்கு நான் தூக்குப்போசியைத் திறந்தபோது கல்லீரல் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். காலை எட்டு மணிக்கு மில் வாசலில் முகத்தில் அடித்த வெயில் மூளையை மறுபக்கம் இழுத்திருக்கும். எல்லாம் ஒருவாறு ஒத்துப்போகும் நேரத்தில் வாரம் முடிந்து ஷிப்ட் மாறிவிடும்.

அதுவும் எங்கள் மில்லில் பின்னோக்கி மாற்றினார்கள்: மூன்றாவது (இரவு) ஷிப்டிலிருந்து இரண்டாவது (மாலை), பிறகு முதல் (காலை). மனிதக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல் என்பதால், முன்கூட்டி எழுவதைவிடத் தள்ளித் தூங்குவதே எளிது. முதல், இரண்டு, மூன்று என்று முன்னோக்கி மாற்றினால் உடம்புக்குச் சிரமம் குறையும். மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டேன். “இதுதான் வழக்கம்” என்றார்.

திருப்பூரிலும் பல்லடத்திலும் இன்றும் விடிய விடிய வேலை செய்கிறவர்கள் உங்கள் வாசகர்கள். அடுத்த கட்டுரையில் ஷிப்ட் மாற்றும் முறையைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.