மலையில்லாத நாட்டில் டுவார்ஃப்

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதமும் வரைபடமும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பெரியவள் பத்தாம் வகுப்பு. வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்துகிற நம் ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை மட்டும் நாங்கள் விடவில்லை.

ஆட்டத்துக்காக நீ கற்பனை செய்த நாட்டின் வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்கிறது, குன்று என்று சொல்ல ஒன்றுகூட இல்லை, உப்புநீர் வருடா வருடம் உள்ளே ஏறிவருகிறது. இப்படி ஒரு நாட்டில் மலைக்குள் வாழும் குள்ள இனமான டுவார்ஃபை எங்கே வைப்பது, நரகத்து ரத்தம் கலந்து கொம்போடும் நெருப்பைத் தாங்கும் உடம்போடும் பிறக்கும் டீஃப்ளிங், நரகமே இல்லாத உலகத்தில் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறாய். கூர்காது எல்ஃப் இனத்துக்குக் காடு, டுவார்ஃபுக்கு மலை என்று இடம் தேடுவதை முதலில் விட்டுவிடு. அந்த உடம்பால் என்ன முடியும் என்று பார், அதை உன் மண் எப்படிப் பயன்படுத்தும் என்று யோசி. மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

டுவார்ஃபையே எடுத்துக்கொள்வோம். விளையாட்டின் 2014 விதிப்புத்தகத்தின்படி நஞ்சு அவர்களைப் பாதிதான் தாக்கும், இருட்டில் 60 அடி வரை பார்வை தெரியும், கல் கட்டுமானத்தைப் பார்த்தே அதன் வரலாற்றைச் சொல்வார்கள், ஏறக்குறைய 350 வருடம் வாழ்வார்கள். உப்பு ஏறும் கழிமுகத்தில் நல்ல தண்ணீர்தானே உயிர்? அப்படியானால் டுவார்ஃப் கிணறு வெட்டுகிறவர். ஆழத்தில் விஷவாயு இருந்தாலும் தாங்குவார், விளக்கில்லாமல் இறங்குவார். உன் நாட்டில் கல் கிடையாது, எனவே கல்லறிவை அப்படியே சுடுமண் உறைக்கு மாற்றிக்கொள். ஓர் உறைகிணற்றை எட்டிப் பார்த்தே எந்தக் காலத்தது, எந்த ஊர் மண் என்று சொல்லிவிடுவார். இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஐந்து தலைமுறைக்கு முன்னால் வெட்டிய கிணறு என்றாலும் வெட்டியவர் இன்னும் உயிரோடு இருப்பார். தண்ணீர்த் தகராறில் அவர் சாட்சி சொல்லாமல் தீர்ப்பு கிடையாது. தாடி, கோடரி, பீர் எதுவும் இல்லாமலே ஊரில் அவருக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது பார்.

எல்ஃப் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. உன் நாட்டின் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது 500 வருடத்துக்கு முன்பு, அது ஏன் மூழ்கியது என்பதுதான் கேம்பெய்னின், அதாவது நீ நடத்தப்போகும் தொடர்கதையின், மர்மம் என்கிறாய். புத்தகத்து எல்ஃப் 700 வருடத்துக்கு மேல் வாழும். அப்படியானால் எல்ஃபாக ஆடும் உன் பிளேயர் தன் பாத்திரத்தின் அம்மாவைக் கேட்டுவிட்டு வரலாமே! வெள்ளத்தை இரண்டாயிரம் வருடம் பின்னுக்குத் தள்ளலாம், இல்லை ஆயுளை 200 ஆகக் குறைக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. எல்ஃப்கள் அதைப் பார்த்தார்கள் என்றே வைத்துக்கொள். ஒவ்வொரு குடும்பமும் வேறு கதை சொல்லட்டும், ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் ஒரு நிலத்துண்டின் உரிமை இருக்கட்டும். அப்போது நேரில் பார்த்த சாட்சிகளே மர்மத்தை இன்னும் சிக்கலாக்குவார்கள். நான்கு மணி நேர தியானமே அவர்களுக்குப் போதும் என்பதால், இரவுப் படகுத்துறைகளும் அவர்கள் கையில்தான் இருக்கும்.

உருவத்தில் சிறிய இனமான ஹாஃப்ளிங்குக்கு இருபது பக்கப் பகடையில் ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டும் அதிர்ஷ்டம் உண்டு. படகோட்டிகளுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஹாஃப்ளிங் இல்லாமல் எந்தப் படகும் கடலுக்குப் போகாது. குழந்தைகளைக்கூடக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன், முரளி. கிணற்றில் இறங்கப் பிறந்தவன், படகில் ஏறப் பிறந்தவன் என்று எழுதிக்கொண்டே போனால் நாம் செய்வது என்ன? பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்குகிறோம். அதற்கு நம் ஊரில் பெயர் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்ட நாடு இது. அதற்குப் பிறகும் 'விஷவாயு தாக்கி' என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் படித்த கையோடு ஞாயிறு மாலை உட்கார்ந்து, டுவார்ஃப் என்றால் குழிக்குள் இறங்குவது இயல்பு என்று பிளேயர்களிடம் என்னால் சொல்ல முடியாது.

விளையாட்டை உருவாக்குகிறவர்களும் இதை நோக்கி மெதுவாக நகர்ந்திருக்கிறார்கள். 2016-இல் வந்த ஒரு புத்தகத்தில், போர்க்குணத்துக்குப் பேர்போன ஓர்க் இனம் என்றாலே புத்திக்கு இரண்டு புள்ளி குறைவு. 2020-இல் அந்தக் குறைப்பை நீக்கினார்கள். 2024 விதிகளில் திறன் புள்ளிகள் பிறப்போடு வருவதில்லை, வளர்ந்த பின்னணியோடுதான் வருகின்றன. நல்ல மாற்றம். ஆனால் அது எண்களுக்குத்தான் பதில் சொல்கிறது. உலகத்துக்கான பதிலை ஆட்டத்தை நடத்துகிற டிஎம்தான் எழுத வேண்டும்.

இந்த விளையாட்டுக்காக முன்பே எழுதப்பட்ட உலகங்களைப் புரட்டிப் பார்த்தேன். 1991-இல் வந்த டார்க் சன் உலகத்தில் ஹாஃப்ளிங்குகள் மனித மாமிசம் தின்பவர்கள், எல்ஃப்கள் பாலைவனத்தில் ஓடித் திரிகிற நாடோடிகள். மண் மாறினால் மனிதர் மாறுவார்கள் என்று துணிந்து எழுதினார்கள். நோம்கள் என்ற இன்னொரு சிற்றுருவ இனத்தார் அங்கே கிடையாது, பழைய போரில் அழிக்கப்பட்டுவிட்டார்கள். அவர்கள் இல்லாததுகூட ஒரு வரலாறாகிறது. ஆனால் நான் அதிகம் கற்றுக்கொண்டது 2004-இல் வந்த எபரான் உலகத்திடம்தான். அதன் ஷார்ன் நகரத்தில் காப்ளின் இனத்தார் அடித்தட்டில் கிடக்கிறார்கள். ஆனால் அந்த நகரமே அவர்களுடைய பழைய பேரரசின் இடிபாடுகள் மேல் எழுந்தது. காப்ளின் இழிந்தவன் என்று அந்த உலகம் சொல்வதில்லை. அவனிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்று சொல்கிறது.

உன் டுவார்ஃபுக்கும் அப்படி ஒன்று வேண்டும். முதலில் அவர்களை யார் கிணற்றில் இறக்கினார்கள்? கூலி எவ்வளவு, அதை யார் நிர்ணயித்தார்கள்? நஞ்சு பாதிதான் தாக்கும் என்றால் மீதிப் பாதி தாக்குகிறது என்றுதானே அர்த்தம்? அதைச் சொல்லி இறங்க மறுத்த டுவார்ஃப்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், இப்போது என்ன செய்கிறார்கள்? அந்த ஊரைக் கட்டாயம் வரைபடத்தில் போடு. உன் பிளேயர் அங்கிருந்து வருவதாக இருந்தால் இன்னும் நல்லது.

டீஃப்ளிங்குக்கு ஊரும் வேண்டாம், குலமும் வேண்டாம். கடல் உள்ளே புகுந்த வருடங்களில் எந்த வீட்டிலும் பிறக்கலாம், எல்ஃப் வீட்டில்கூட. கொம்பு தெரிய நாளாகும். அடுப்பிலிருந்து குழந்தை தணலைக் கையில் எடுத்து விளையாடும்போதுதான் வீட்டாருக்குப் புரியும். அதன்பின் அந்த வீடு என்ன செய்தது என்பதை உன் பிளேயரிடமே கேள். டீஃப்ளிங்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவருக்கு அது பிடிக்கும்.

பறவை மனிதர்களான ஆரக்கோக்ராவை மட்டும் எடுத்துவிடு. முதல் நிலையிலேயே பறக்கிற ஒருவர் இருந்தால் உன் ஆறுகளைக் கடப்பதில் எந்தச் சிரமமும் இருக்காது. அந்தச் சிரமம்தானே உன் கதை. அப்புறம், ஓர்க்குகளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்களை வைத்திருக்கிறாயா, இல்லையா? எல்ஃபின் ஆயுளையும் முடிவுசெய்து இரண்டையும் சேர்த்து எழுது. தீபாவளிக்கு நீ இங்கே வந்தால் முதல் ஆட்டத்தை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் கிணறு வெட்ட மறுத்த ஊரிலிருந்து வருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சேகர்