மூளை அழற்சிக்கான காரணத்தைக் கண்டறிய மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி நடைமுறை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் நலம், நரம்பியல், மனநலம், நுண்ணுயிரியல் பிரிவு மருத்துவர்கள் மற்றும் ஆய்வக நுட்பநர்கள்,
கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மூளை அழற்சி நோயாளிகளிடம் தண்டுவட நீர் எடுத்தல், சோதித்தல், சேமித்தல் ஆகியவற்றுக்கு ஒரே நடைமுறை; ஆட்டோஇம்யூன் (உடலின் நோயெதிர்ப்பே மூளையைத் தாக்கும் நோய்க்கான) சோதனை கட்டணமின்றிக் கிடைத்தல்; எஞ்சிய மாதிரிகளைக் கொண்டு காரணம் தேடும் ஆய்வு – அரசாணை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம்.

காய்ச்சலோடு நினைவு தடுமாறியோ வலிப்பு வந்தோ சேர்க்கப்படும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் முதல் நாள் "ஏ.இ.எஸ்." (தீவிர மூளை அழற்சி அறிகுறித் தொகுப்பு) என்று எழுதுகிறோம். அது ஒரு நோயின் பெயர் இல்லை. எந்த நோயாளியும் கணக்கில் தப்பிவிடக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு விரித்து வைத்த அகலமான வலை. அதில் சிக்கியது ஜப்பானிய மூளைக்காய்ச்சலா, அக்கி (ஹெர்ப்பஸ் சிம்ப்ளெக்ஸ்) வைரஸா, காசநோயா, உண்ணிக்காய்ச்சலா என்று பிரித்துச் சொல்வது அடுத்த வேலை. அந்த வேலை பல நேரங்களில் நடப்பதே இல்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளிலும், சில சமயம் இறப்புச் சான்றிலும், அதே மூன்றெழுத்துதான் நிற்கிறது. கருவி இல்லாததால் இப்படி ஆகிறது என்று சொல்ல முடியாது. முதல் சில மணி நேரத்தில் முதுகிலிருந்து எத்தனை மில்லி தண்டுவட நீர் எடுத்தோம், அது எந்தக் குழாய்க்குப் போனது, குழாய் எங்கே கிடந்தது என்ற சின்ன விஷயங்களில்தான் விடை தொலைகிறது.

அளவிலிருந்தே தொடங்குகிறோம். பெரியவர்களிடமும் 2 அல்லது 3 மி.லி. எடுத்துவிட்டு ஊசியை உருவிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதுகில் நீர் எடுத்தால் நடக்க முடியாமல் போய்விடும் என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஓரளவு நம் கைக்கும் தொற்றிவிட்டது. பெரியவரின் உடலில் சுமார் 150 மி.லி. தண்டுவட நீர் இருக்கிறது. ஒரு நாளில் 500 மி.லி. வரை புதிதாகச் சுரக்கிறது. எடுத்த 12 மி.லி. முக்கால் மணி நேரத்துக்குள் ஊறிவிடும். அந்த 12 மி.லி.யை இப்படிப் பிரிக்கலாம்: அணுக்கள் எண்ண 1, சர்க்கரையும் புரதமும் பார்க்க 1, பாக்டீரியா வளர்ப்புக்கும் நுண்ணோக்கிக்கும் 2, காசநோய்க்கு 6, வைரஸுக்கும் ஆன்டிபாடிக்கும் 1, சேமிப்புக்கு 1. காசநோய்க்கு இவ்வளவா என்று கேட்கலாம். மூளைக் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவாகவே நீரில் இருக்கும். அரை மில்லியில் சி.பி.நாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் கருவிச் சோதனை) ஓட்டி "இல்லை" என்று வந்தால் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. 6 மி.லி.யைச் சுழற்றி அடியில் தங்குவதை மட்டும் அதே கருவியின் நுட்பம் கூடிய அல்ட்ரா கார்ட்ரிட்ஜில் போட வேண்டும். குழந்தைகளிடம் 3 முதல் 5 மி.லி.தான் கிடைக்கும் என்பதால், எது முதலில், எது விட்டுப்போனால் பரவாயில்லை என்ற வரிசை தட்டிலேயே அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இரவு 2 மணிக்குப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் அதை நினைவிலிருந்து எடுக்க வேண்டிய நிலை கூடாது.

அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. வார்டில் எடுத்த எல்லாக் குழாயையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் ஆய்வகத்துக்கு அனுப்புவதே பெரும்பாலான இடங்களில் நடப்பது. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குப் போகும் குழாய்க்கு 2 முதல் 8 டிகிரி குளிர் தேவை. அதே குளிர் மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வளர்ப்பில் ஒன்றும் முளைக்காது. நெக்லேரியா அமீபா குளிரில் அசைவை நிறுத்திவிடும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும்போது அசையாத அமீபாவை வெள்ளணு என்று எண்ணிவிடுவது மிக எளிது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளை அழற்சி தொடர்ந்து வந்திருக்கும்போது, எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் அதைத் தேடாமலே "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அணுக்களின் கதை வேறு: அறை வெப்பத்தில் வைத்த நீரில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நியூட்ரோஃபில்களும் (பாக்டீரியா நோயில் பெருகும் வெள்ளணுக்கள்), இரண்டு மணி நேரத்தில் பாதியும் சிதைந்துவிடும். காலையில் எண்ணினால் பாக்டீரியா நோயும் வைரஸ் நோய் போலத் தெரியும். எனவே ஒரே ஊசியில் வந்த நீர் மூன்று வழியில் போக வேண்டும்: எண்ணுவதற்கு உடனே, வளர்ப்புக்கு அறை வெப்பத்தில், வைரஸுக்குக் குளிரில். மூடியின் நிறத்தை வைத்து இதைப் பிரித்துவிட்டால் யாரும் யோசிக்கத் தேவையில்லை.

லேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்திரி ஒட்டி ஜெல் பேனாவில் பெயர் எழுதிய குழாய், வாக்ஸின் கேரியரில் ஐஸ் உருகிய தண்ணீரில் நான்கு மணி நேரம் மிதந்து வந்தால், ஆய்வகத்தில் கையில் கிடைப்பது பெயரில்லாத குழாயும் தனியே சுருண்ட பிளாஸ்திரியும்தான். அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழி இல்லை. குளிர் தாங்கும் லேபிள், அழியாத மை, திருகு மூடிக் குழாய், ஐஸ் பேக்கில் நேரடியாகப் படாதபடி ஒரு உறை. இவ்வளவுதான் செலவு.

சர்க்கரைக் குழாயோடு அதே நேரத்தில் விரலில் ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். தண்டுவட நீரில் 40 என்று வந்தால் அது குறைவா இல்லையா என்பது ரத்தத்தில் 80 இருந்ததா 200 இருந்ததா என்பதைப் பொறுத்தது. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக வருவது தினசரிக் காட்சி. குளுக்கோமீட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பீகாரின் முசாஃபர்பூரில் ஆண்டுதோறும் கோடையில் குழந்தைகள் வலிப்போடு இறந்தபோது பல காலம் வைரஸைத் தேடினார்கள். 2014இல் நடந்த விசாரணையில், சேர்க்கையின்போது சர்க்கரை பார்க்கப்பட்ட 327 குழந்தைகளில் 204 பேருக்கு 70 மி.கி. அல்லது அதற்கும் கீழே இருந்தது. இரவு உணவில்லாத வயிற்றில் லிச்சிப் பழத்தின் நச்சு சேர்ந்ததே காரணம் என்று தெரிந்தது. அங்கே மூளையில் அழற்சியே இல்லை.

காரணம் மாறினால் சிகிச்சை எப்படி மாறும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் போதும். 2005இன் பெரிய பரவலுக்குப் பிறகு 2006 முதல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. அதன் பிறகும் மழைக்காலந்தோறும் ஏ.இ.எஸ். நின்றபாடில்லை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உட்பட்ட குழுக்கள் மாதிரிகளைத் திரும்பச் சோதித்தபோது, பெரும்பகுதிக்கு உண்ணிக்காய்ச்சல் காரணம் என்று வந்தது. சில ரூபாய் டாக்ஸிசைக்ளினையோ அசித்ரோமைசினையோ காய்ச்சல் கட்டத்திலேயே கொடுத்தால் மூளைக்கு ஏறாமல் தடுக்கலாம். தீவிர உண்ணிக்காய்ச்சலில் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. நம் மாநிலத்திலேயே கிடைத்த இந்த அறிவு, உண்ணி கடித்த இடத்தில், அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும், கருகிய பொருக்கைத் தேடாத வார்டுக்கு உதவாது. இன்னும் வீல் ஃபீலிக்ஸ் என்ற பழைய, துல்லியம் குறைந்த சோதனையை மட்டும் நம்பும் ஆய்வகங்களுக்கு ஐ.ஜி.எம். (தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஆன்டிபாடி) எலைசா கிட் சென்று சேர வேண்டும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1955இல் வடஆற்காடு பகுதியில்தான். இன்றும் நம் இரு மாவட்டங்களின் நெல்வயல்களில் அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு குறையவில்லை. தொற்று ஏற்பட்ட சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். முற்றியவர்களில் 30 சதவீதம் வரை இறக்கிறார்கள். இதற்கு ஆன்டிபாடி சோதனை இருந்தும் இரு திசையிலும் தவறு நடக்கிறது. ஐ.ஜி.எம். நோய் தொடங்கி 3 முதல் 8 நாட்களில்தான் தெரியத் தொடங்கும். இரண்டாம் நாள் எடுத்த மாதிரி நெகட்டிவ் என்றால், பத்தாம் நாள் மறுபடி எடுத்தே ஆக வேண்டும். நோயாளி அதற்குள் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருப்பார். இரண்டாவது மாதிரி எவர் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. மறுபுறம், அண்மையில் தடுப்பூசி போட்ட குழந்தைக்கும், டெங்கு வந்தவருக்கும் ரத்தத்தில் பாசிட்டிவ் வரக்கூடும். தண்டுவட நீரில் வரும் பாசிட்டிவே நம்பத்தக்கது. படிவத்தில் நோயின் எத்தனையாவது நாள், தடுப்பூசித் தேதி ஆகிய இரண்டும் கட்டாயக் கட்டங்களாக இருந்தால், அவை இல்லாத மாதிரியை ஆய்வகம் தொலைபேசியில் கேட்டு நிரப்பிக்கொள்ளும்.

அக்கி வைரஸ் மூளை அழற்சியில் நேரமே சிகிச்சை. மருந்தில்லாமல் விட்டால் சுமார் 70 சதவீதம் பேர் இறப்பார்கள். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. அசைக்ளோவிர், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரமாக ஏற்றி, போதிய திரவத்தோடு 14 முதல் 21 நாள் தர வேண்டும். அவசரத்தில் தள்ளி ஏற்றினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகிறது. ஸ்கேனுக்காகக் காத்திருந்து முதல் டோஸைத் தள்ளிப்போடுவதும், முதல் பி.சி.ஆர். நெகட்டிவ் என்றதும் மறுநாளே நிறுத்துவதும் இரண்டு பெருந்தவறுகள். முதல் 72 மணி நேரத்தில் பி.சி.ஆர். பொய்யாக நெகட்டிவ் வரலாம். சந்தேகம் நீங்காவிட்டால் 3 முதல் 7 நாட்களில் மறு மாதிரி எடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்த ஆர்.டி.பி.சி.ஆர். கருவிகள் இன்று பல இடங்களில் உறை போட்டு நிற்கின்றன. தேவை சோதனைக் கிட்களும் ஆட்களும்தான்.

அரசு மருத்துவமனையில் அறவே எட்டாமல் இருப்பது ஆட்டோஇம்யூன் மூளை அழற்சிச் சோதனை. மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் ஆன்டிபாடியை 2007இல் நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழுவினர் விவரித்தார்கள். கலிஃபோர்னியாவின் மூளை அழற்சி ஆய்வில், 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்த ஆன்டிபாடி நோய் எந்தத் தனி வைரஸையும்விட அதிகமாக வந்தது. பெரும்பாலும் இளம்பெண்கள், குழந்தைகள். தூக்கம் போகும், பேச்சு குழறும், இல்லாததைக் காண்பார்கள், வாயை மென்றுகொண்டே இருப்பார்கள். பேய் பிடித்ததாக மந்திரிக்கச் சில நாள், மனநல வார்டில் சில வாரம் என்று காலம் போகிறது. அங்கே ஹாலோபெரிடால் கொடுத்தால் உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறி நிலைமை மோசமாகலாம். மெத்தில்பிரட்னிசலோனும் இம்யூனோகுளோபுலினும் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலோர் எழுந்து நடப்பார்கள். இளம்பெண்களுக்குச் சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும் வேண்டும். சோதனையைத் தனியாரிடம் செய்யப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. தினக்கூலிக் குடும்பம் அதைக் கட்டுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ரத்தத்தை மட்டும் அனுப்புவதும் தவறு, என்.எம்.டி.ஏ.வுக்குத் தண்டுவட நீரே முக்கியம்.

இனி ஆய்வு. இங்கிலாந்தில் 2005இல் தொடங்கி 24 மருத்துவமனைகளில் 203 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 42 சதவீதம் தொற்று, 21 சதவீதம் நோயெதிர்ப்புச் சார்ந்தது. எவ்வளவு தேடியும் 37 சதவீதத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்த ஆய்வு தொடங்கியபோது என்.எம்.டி.ஏ. சோதனை என்று ஒன்றே உலகில் இல்லை. குழாய்கள் பத்திரமாக இருந்ததால்தான் பிறகு தேட முடிந்தது. நம்மிடம் எஞ்சும் அரை மில்லி, மறுநாள் மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பைக்குப் போகிறது. சண்டிபுரா, நிபா போன்ற வைரஸ்கள் நாளை இங்கு வந்தால், முன்பே வந்து போனதா என்று பார்க்கத் திரும்பிப் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

ஆகவே, கீழ்க்கண்டவற்றுக்கு அரசாணை பிறப்பிக்க வேண்டுகிறோம்.

எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மற்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும், நிற மூடிக் குழாய்களும் வரிசை அட்டையும் கொண்ட தண்டுவட நீர்ப் பொட்டலத்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியே வழங்க வேண்டும். நோயாளி மாற்றப்படும்போது பத்தாம் நாள் மாதிரியின் தேதி ரெஃபரல் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். அதை எடுக்கும் பொறுப்பு ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையுடையது என்று ஆணை தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அக்கி வைரஸ் பி.சி.ஆர். முடிவு 48 மணி நேரத்திலும், உண்ணிக்காய்ச்சல் எலைசா முடிவு வாரத்துக்கு இருமுறையாவது கிடைக்கும்படி மண்டலத்துக்கு ஓர் ஆய்வகத்தைப் பொறுப்பாக்க வேண்டும். தொகுத்து அனுப்பலாம் என்று எலைசா தட்டு நிறையும்வரை மாதிரிகளைக் காக்க வைக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். நாலு மாதிரி வந்தாலும் ஓட்டலாம், தட்டின் மற்றக் குழிகள் வீணாவதை அரசு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டோஇம்யூன் ஆன்டிபாடி சோதனையையும் இம்யூனோகுளோபுலினையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், முன் அனுமதிக்கு நாட்கணக்கில் காத்திருக்காத வகையில் சேர்க்க வேண்டும். மனநல வார்டிலிருந்து அனுப்பினாலும் இது பொருந்த வேண்டும்.

எஞ்சிய தண்டுவட நீரையும் ரத்தத் தெளிவையும், குடும்பத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும், அரை மில்லிக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து ஆய்வு நிலையத்தில் சேமிக்க வேண்டும். ஒரே பெரிய குழாயாக உறையவைத்து ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கினால் வைரஸின் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். சோதனைகள் அனைத்தும் நெகட்டிவான மாதிரிகளில் காரணம் தேடும் தொடர் ஆய்வுக்கு நிதி ஒதுக்கி, முடிவுகளை மாதிரி அனுப்பிய வார்டுக்கும் தெரிவிக்க வேண்டும். பல ஆய்வுகளில் இந்தக் கடைசிப் பகுதி மட்டும் மறந்துபோகிறது.

முதல் ஓராண்டுக்கு எங்கள் இரு மாவட்டங்களிலும் இதைச் செயல்படுத்திப் பார்க்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். பயிற்சிக்கான நேர அட்டவணையும் படிவ மாதிரியும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்ட மருத்துவர்கள், ஆய்வக நுட்பநர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல்; மாதிரிப் படிவம்; குழாய் வரிசை அட்டையின் வரைவு; பயிற்சி அட்டவணை.

நகல்: இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை, இயக்குநர், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி, சென்னை.